ஆயாவின் பெட்டியும் அரசாங்கப் பதிவேடும்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



இந்த நினைவுப் பேருரைக்கு என்ன தலைப்பு என்று கேட்டபோது, 'எங்கள் ஆயாவின் தகரப்பெட்டி' என்றேன். கேட்ட தோழர் சிரித்துவிட்டார். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. நம் குடும்பங்களின் பழமையைத் தேடுவது எப்படி, அந்தத் தேடலில் எங்கே வழி தவறுகிறோம் என்பதை அந்தப் பெட்டி எனக்குக் கற்றுக்கொடுத்தது. அதைத்தான் இன்று உங்கள்முன் திறந்துவைக்கப் போகிறேன்.

குதிரைமேல் போனவர்

பெட்டிக்குள் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு செம்புநிற வில்லை இருந்தது. பொங்கலன்று வெளியே வரும். ஆயா அதைப் புளிபோட்டுத் தேய்த்து, குங்குமம் வைத்து, சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் வைப்பார். ஒரு பக்கம் ராசா தலை. மறுபக்கம் குதிரைமேல் ஒரு வீரன். "ராசாகிட்ட தளபதியா இருந்தவரு நம்ம பூட்டன். குதிரமேல போறாரு பாரு" என்பார். "ஏன் ஆயா உடம்பில் துணியே இல்லை?" என்று ஒருமுறை கேட்டேன். "தேச்சுத் தேச்சுப் போயிடுச்சுடா" என்றார்.

கல்லூரி விடுதியில் ஓர் இரவு, அறைத்தோழன் ஒருவன் தன் சாதி ஆண்ட பரம்பரை என்று பெருமை பேசிக்கொண்டிருந்தான். நானும் விடவில்லை. "எங்கள் பூட்டன் தளபதி, வீட்டில் அரச முத்திரை இருக்கிறது" என்றேன். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அன்றிரவு முழுவதும் எனக்குத் தூக்கமில்லை. அந்த வில்லை உண்மை என்று நிரூபித்தே தீருவது என்று முடிவுசெய்தேன்.

பல ஆண்டுகள் கழித்து, பழைய நாணயங்கள் பற்றித் தெரிந்த நண்பர் ஒருவரிடம் அதைக் காட்டினேன். அவர் முகப்பைப் பார்க்கவேயில்லை. நேராக விளிம்பைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, "நீங்களே படியுங்கள்" என்றார். ஆங்கில எழுத்தில் ஓர் எண், அதன்பின் 'கூலி' என்ற சொல், அதன்பின் என் பூட்டன் பெயர், அதன்பின் 'லேபர் கார்ப்ஸ்'.

அது முதல் உலகப்போரில் பணியாற்றியவர்களுக்கு பிரிட்டிஷ் அரசு கொடுத்த போர்ப்பதக்கம். சிப்பாய்களுக்கு அதை வெள்ளியில் கொடுத்தார்கள். மூட்டை சுமந்த, பாதை போட்ட, துறைமுகத்தில் சரக்கிறக்கிய தொழிலாளர் படையினருக்கு வெண்கலத்தில் கொடுத்தார்கள். முகப்பில் இருந்த ராசா ஐந்தாம் ஜார்ஜ் மன்னர். குதிரைமேல் இருந்தவன் பதக்கத்தை வடித்த சிற்பி கற்பனையாகச் செய்த உருவம். ஆயிரக்கணக்கான பதக்கங்களில் அதே குதிரை, அதே அம்மணம். எங்கள் பூட்டன் குதிரைமேல் இல்லை. விளிம்பில் இருந்தார்.

முதலில் எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. அதன்பின் யோசித்தேன். ஆயாவின் மாமனார் அவர். ஆயா மருமகளாக வருமுன்பே செத்துப்போனவர். 'ராசாவுக்காகச் சண்டைக்குப் போனேன்' என்றுதான் அவர் வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாத ஒருவர் கடல் தாண்டிப் போய் உயிரோடு திரும்பியிருக்கிறார். அந்தப் போருக்காக இந்தியாவில் சேர்க்கப்பட்ட, ஆயுதம் ஏந்தாத பணியாளர்கள் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஒருவர் அவர். 'கூலி' என்ற சொல்லை ஊரில் அன்றாடம் கேட்டுக்கொண்டிருந்த குடும்பம், அந்தச் சொல் மட்டும் வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொண்டது. இரண்டு தலைமுறையில் அவர் தளபதி ஆகிவிட்டார்.

அரச மரபு யாருக்கு, எதற்குத் தேவைப்பட்டது?

நம் பிள்ளைகள் அரசரைத் தேடுவதைக் கேலி செய்ய நான் வரவில்லை. எல்லாச் சாதியாரும் தேடியிருக்கிறார்கள். அது எப்போது, எதற்காக நடந்தது என்பதை மட்டும் பார்ப்போம்.

கர்னல் காலின் மெக்கன்சி 1821இல் இறக்கும்வரை தென்னிந்தியா முழுவதும் ஆள்வைத்துச் சேகரித்த கைபீதுகளிலும் வம்சாவளிகளிலும் பாளையக்காரர்களின் கதைகள் நிறைய உண்டு. பெரும்பகுதி இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. 'எங்கள் முன்னோர் விஜயநகர ராயருக்குச் சேவை செய்தார், நாயக்கர் பாளையம் கொடுத்தார்' என்று அவை பேசும். கம்பெனி ஆட்சியில் தங்கள் பாளையமும் உரிமையும் பறிபோகாமல் காக்க அவர்களுக்கு அந்தக் கதை தேவைப்பட்டது. அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. 1901 கணக்கெடுப்பில் சாதிகளைச் சமூக மதிப்பின்படி வரிசைப்படுத்த முயன்றார்கள். சாதிச் சங்கங்கள் மனுமேல் மனு போட்டன. சத்திரியர் என்று நிறுவப் புத்தகங்கள் அச்சாயின.

ஆக, வம்சாவளி என்பது வெறும் பெருமைப் பேச்சாக இருக்கவில்லை. அது சொத்துக்கும் பதவிக்கும் கொடுத்த விண்ணப்பம். நம்மவர்கள் இன்று அரச மரபு பேசும்போது விண்ணப்பத்தின் பெருமைப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், சொத்துப் பகுதியை விட்டுவிடுகிறோம். இன்னொரு சிக்கலும் உண்டு. அரசரைப் பாட்டனாக்கிக்கொண்டால், அந்த அரசர் கல்வெட்டில் பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் ஊரிலிருந்து பிரித்து எழுதிவைத்ததற்கும் நாமே பொறுப்பேற்க வேண்டிவரும். முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அந்தச் சேரிகள் இருக்கின்றன. அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்கள் இல்லை.

பண்டிதர் வீட்டு ஓலை

பண்டிதர் வேறு வழியில் தேடினார். அவர் தம் மக்களுக்குத் தேடியது அரியணையை அல்ல, அறிவு மரபை. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, 1914இல் மறையும்வரை, பூர்வ பௌத்தர் என்ற ஒரு வேரை எழுதி எழுதிக் காட்டினார். சொற்களையும் பண்டிகைகளையும் வைத்தியத்தையும் ஓலைகளையும் சான்றுக்கு அழைத்தார். அவருடைய முடிவுகளில் சிலவற்றை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்காமல் போகலாம். எங்கே தேடவேண்டும் என்று அவர் காட்டிய திசை நமக்கு இன்றும் உதவுகிறது.

அவர் தம் குடும்பத்தைப் பற்றிச் சொன்ன ஒரு செய்தியைப் பாருங்கள். ஹாரிங்டன் துரையிடம் பட்லராக வேலை பார்த்த தம் பாட்டனார் கந்தப்பன், தம்மிடமிருந்த திருக்குறள் ஓலையை எல்லிஸ் துரையிடம் கொடுத்தார் என்று பண்டிதர் பதிவுசெய்திருக்கிறார். குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் சென்னையில் வருவாய்த்துறை அதிகாரியாக இருந்தவருமான எல்லிஸ்தான் அவர். 1819இல் இறந்தவர்.

இந்தச் செய்தியில் பண்டிதர் பட்லர் வேலையை மறைக்கவில்லை. பாட்டனாரைத் தளபதி ஆக்கவில்லை. பட்லர் வீட்டில் குறள் ஓலை இருந்தது என்கிறார். எங்கள் குடும்பம் 'கூலி'யை மறைத்தது. பண்டிதர் பட்லரை முன்னால் நிறுத்தினார். நாம் பின்பற்ற வேண்டியது இதைத்தான்.

வீட்டில் தொடங்குங்கள்

தேடத் தொடங்கும் மாணவர்களுக்குச் சில நடைமுறைகள் சொல்கிறேன்.

முதலில் கிழவிகளிடம் உட்காருங்கள். ஆண்கள் ஊர்ப்பெருமை சொல்வார்கள். எந்த ஊரிலிருந்து பெண் எடுத்தோம், எந்தப் பஞ்சத்தில் யார் செத்தார்கள், யார் கண்டிச்சீமைக்குப் போனார்கள் என்பது பெண்களிடம் இருக்கும். சொந்த ஊர்ப்பெயர், குலதெய்வம் இருக்கும் ஊர்ப்பெயர் இரண்டையும் தனித்தனியே குறியுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் குடும்பம் எங்கிருந்தோ பெயர்ந்து வந்திருக்க வாய்ப்புண்டு.

காலத்தைக் கணிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 'தாது வருசப் பஞ்சத்துல பொறந்தவரு' என்றால் 1876. ஆனால் தமிழ் ஆண்டுகள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1936ஆம் தாதுதான். பஞ்சம் என்ற சொல்தான் எது என்று காட்டிக்கொடுக்கும். வருவாய்த்துறைக் காகிதத்தில் பசலி ஆண்டு இருக்கும். அதோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆண்டு கிடைக்கும். பசலி 1334 என்றால் 1924 ஜூலை முதல் 1925 ஜூன் வரை.

பெயரில் கவனம் வேண்டும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். 'பேரன்' என்ற சொல்லே அதைச் சொல்கிறது. எனவே ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் வரும். தேட அது உதவும், இருவரை ஒருவராக்கிக் குழப்பவும் செய்யும். தகப்பன் பெயரும் ஊரும் சேர்ந்து பொருந்தாமல் ஒருவரை உங்கள் முன்னோர் என்று எழுதாதீர்கள்.

பிறகு பொருள்கள். பதக்கம் என்றால் விளிம்பைப் பாருங்கள். தகரத்தில் எண்கள் அடித்த சிறு வில்லை கிடைத்தால் பழைய காசு என்று தூக்கிப்போடாதீர்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர் கழுத்தில் கட்டிய அடையாளத் துண்டாக இருக்கலாம். எந்தத் தோட்டத்துக்குப் போனார் என்பதை அந்த எண்ணே சொல்லும். கோலார் தங்கவயல் வேலைச்சீட்டு, ரங்கூன் பெட்டி, ஞானஸ்நானச் சீட்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ் எல்லாமே ஆவணங்கள்தாம். தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். முன்னும் பின்னும் விளிம்பும் தெரியப் படமெடுத்து, யார் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை எழுதிவையுங்கள். அந்த வரிசை இல்லாத பொருளுக்குச் சான்று மதிப்பு குறைவு.

கௌரவமும் ஒரு பரம்பரைச் சொத்துதான். திருவாரூர்த் தியாகராசர் விழாவில் யானையேறும் பெரும்பறையர் என்ற உரிமை பெற்ற குடும்பம் இருந்ததைக் காலனிய கால நூல்களே குறித்திருக்கின்றன. இப்படி ஓர் உரிமை உங்கள் குடும்பத்துக்கு இருந்ததாகக் கேள்விப்பட்டால், 'அப்படியானால் நாம் அரச குலம்' என்று உடனே முடிவுகட்டாதீர்கள். அந்த மரியாதையோடு என்ன மானியம் இருந்தது, எந்த நிலம், அது இன்று யார் பெயரில் என்று கேளுங்கள். ஜமீன் கொடுத்ததாகச் சொல்லப்படும் நிலங்களில் பல, வெட்டியானுக்கும் தலையாரிக்கும் செய்த ஊழியத்துக்காக விடப்பட்ட மானியங்கள். சென்னை மாகாணத்தில் 1858இல் அமைந்த இனாம் ஆணையம் மானிய நிலங்களை விசாரித்துப் பதிவேடுகள் எழுதியது. அவற்றில் தேடலாம்.

கப்பலேறியவர்கள்

நம்மவர்கள் பெயர் ஊர்ப்புத்தகத்தில் ஏறியதைவிடக் கப்பல் பட்டியலில் அதிகம் ஏறியிருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பான்மையோர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், உடலில் உள்ள தழும்பு, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று எழுதினார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியது. இன்று தென்னாப்பிரிக்காவில் வாழும் அவர்களுடைய வாரிசுகள் அந்தத் தழும்புக் குறிப்பை வைத்துத்தான் பாட்டனைக் கண்டுபிடித்து, வேலூரிலும் ஆற்காட்டிலும் ஊர் தேடி வருகிறார்கள். மொரீஷியஸில் மோக்கா என்ற ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இத்தகைய பதிவுகளோடு தொழிலாளர்களின் புகைப்படங்களும் இருக்கின்றன. 'எங்கள் பாட்டி கூடப்பிறந்தவர் கப்பலேறிப் போனவர் திரும்பவேயில்லை' என்று உங்கள் வீட்டில் கதை இருந்தால், அந்தக் கதைக்கு மறுமுனை அங்கே இருக்கலாம்.

எழுதியவர் கையைப் படியுங்கள்

இந்தப் பதிவுகள் எதையும் நம்மவர் எழுதவில்லை. நம்மைப் பிடிக்க, எண்ண, விற்க எழுதியவை. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் வரும்வரை, ஒருவரை அடிமையென்று உரிமை கொண்டாடி நீதிமன்றத்துக்குப் போக முடியும். ஆட்களை நிலத்தோடு சேர்த்தும் தனியாகவும் விற்ற அடிமை ஓலைகள் கிடைத்திருக்கின்றன. அதில் முன்னோர் பெயரைக் காண நேர்ந்தால் வலிக்கும். அந்த ஓலை விற்றவர், வாங்கியவர் பெயரையும் சொல்கிறது என்பதை மறக்காதீர்கள்.

பெயர்களையே கூர்ந்து பார்த்தால் சில நேரம் கதவு திறக்கும். பீமா கோரேகான் நினைவுத்தூணில் 1818 ஜனவரி 1 அன்று நடந்த சண்டையில் இறந்த கம்பெனிப் படையினரின் பெயர்கள் இருக்கின்றன. 49 பெயர்களில் 22 பெயர்கள் 'நாக்' என்று முடிகின்றன. அவர்கள் மகர்கள் என்று அந்த முடிவிலிருந்து தெரிகிறது. அண்ணல் அம்பேத்கர் 1927 ஜனவரி 1 அன்று அங்கே போய் நின்றார். அந்தப் பெயர்களில் ஒன்றுகூட அரசர் பெயர் இல்லை. சாதாரணச் சிப்பாய்களின் பெயர்கள் கல்லில் இருந்தன, அதுவே ஒரு மக்கள்திரளுக்குப் போதுமானதாக இருந்தது.

பெட்டியின் அடியில் இருந்தது

இப்போது மீண்டும் ஆயாவின் பெட்டிக்கு வருகிறேன்.

பதக்கத்தின் உண்மை தெரிந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அதுக்கு அடியில கிடந்த காயிதம் என்னான்னு பாரு" என்றார். பெட்டியின் அடியில், துணிக்குக் கீழே, நான்காக மடித்த பழுப்புத் தாள்கள் இரண்டு. எங்களுக்கு நினைவு தெரிந்த நாள்முதல் அங்கேதான் கிடந்தன. யாரும் பிரித்ததில்லை. ஒன்று கிஸ்தி ரசீது, பசலி 1334. இன்னொன்று ஒன்றே முக்கால் ஏக்கருக்கான பட்டா, பூட்டன் பெயரில், நிபந்தனைகளோடு.

அது பஞ்சமி நிலம். செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் அரசு ஆணையிட்டு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய நிலங்களின் வழிவந்தது. முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் இப்படி வழங்கப்பட்டது என்று நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அந்த நிலத்தை மீட்கும் போராட்டத்தில்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள்.

எங்கள் நிலத்தைத் தேடிய வழியைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும். பழைய சர்வே எண்ணை வைத்து நிலவரித்திட்டப் பதிவேட்டின் நகலைக் கேட்டோம். அதில் பூட்டன் பெயரும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கான நிபந்தனை நிலம் என்ற குறிப்பும் இருந்தன. அடுத்து, 1980களில் நடந்த யு.டி.ஆர். எனப்படும் நில ஆவண மேம்பாட்டுத் திட்டத்தின் பதிவேட்டைப் பார்த்தோம். அதே நிலம், புது உட்பிரிவு எண், வேறு ஒருவர் பெயர். நிபந்தனைக் குறிப்பு இல்லை. இடையில் விற்றதற்குப் பத்திரமும் கிடைக்கவில்லை. ஊரூராக இப்படித்தான் நடந்திருக்கிறது. ஆகவே பழைய பதிவேடு, புதிய பதிவேடு, வில்லங்கச் சான்று, இன்றைய 'அ' பதிவேடு நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் பெயர் மாறியது என்பது கண்ணுக்குத் தெரியும். அலுவலகத்தில் 'இல்லை' என்று வாயால் சொன்னால் போய்விடாதீர்கள். 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். 'இல்லை' என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

எங்கள் மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. நிலம் கிடைத்துவிட்டது என்ற நல்ல முடிவோடு இந்த உரையை முடிக்க என்னால் முடியாது. ஆனால் ஒரு கணக்கை உங்கள்முன் வைக்கிறேன். மூன்று தலைமுறையாகப் பொங்கல்தோறும் அந்தக் குதிரையைத் துடைத்துக் கும்பிட்டோம். குதிரைக்குக் கீழே கிடந்த காகிதத்தை ஒருநாளும் பிரித்துப் படிக்கவில்லை. யு.டி.ஆர். கணக்கெடுப்பு ஊருக்கு வந்தபோது அப்பா அந்தக் காகிதத்தோடு போய் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆயாவிடம் பதக்கத்தின் உண்மையைச் சொன்னேனா என்று கேட்பீர்கள். சொன்னேன். அப்போது அவருக்கு எண்பது வயதுக்கு மேல். விளிம்பில் பெயர் இருக்கும் இடத்தில் அவர் விரலை எடுத்து வைத்தேன். தடவிப் பார்த்தார். "அவர் பேரா இது? ராசா எழுதுனதா?" என்றார். ஆமாம் என்றேன். அந்தப் பொங்கலுக்குக் குங்குமத்தைக் குதிரைக்கு வைக்கவில்லை, விளிம்பைச் சுற்றி வைத்தார்.

தோழர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் நான்கு தலைமுறைப் பெயர்களை எழுதுங்கள். பெண்களின் பெயர்களையும் அவர்கள் பிறந்த ஊரையும் சேர்த்து எழுதுங்கள். எழுத முடியாத இடத்தைக் காலியாக விடுங்கள், அரசரை வைத்து நிரப்பாதீர்கள். பிறகு பெட்டியை அடிவரை கிளறிப் பாருங்கள்.